முடிவை முன்கூட்டியே சொல்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: பண்ருட்டி வட்டாரத்தில் சிறிய அளவில் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைகள் நடத்துபவர்களின் சங்கத்துக்கு நான் செயலாளர். இறக்குமதிக் கொட்டைக்கான சுங்க வரியை நீக்கச் சொல்லி வருடாவருடம் மனு கொடுக்கிறோம். மின்கட்டணத்துக்கும் அப்படித்தான். பதில்கூட வருவதில்லை. இப்போது ஒருவர் வந்து, "சுயேச்சையான பொருளாதார ஆய்வு நிறுவனம் ஒன்றிடம் அறிக்கை வாங்கிக் கொடுங்கள், அரசு கேட்கும். முடிவு உங்களுக்குச் சாதகமாகத்தான் வரும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். சில லட்சம் ஆகுமாம். உறுப்பினர்களில் பாதிப் பேர் சரி என்கிறார்கள். மீதிப் பேர், காசு கொடுத்து வாங்குவது எப்படி சுயேச்சையான அறிக்கை ஆகும் என்று கேட்கிறார்கள். இந்த நிறுவனங்கள் சொல்வதை அரசு உண்மையிலேயே கேட்கிறதா? நாங்கள் பணம் கட்டலாமா? அறிக்கை வரும்வரை மனு கொடுப்பதை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

அந்த ஒருவருக்கு மட்டும் பணம் கட்ட வேண்டாம். மற்றபடி யோசனையில் தவறில்லை.

உங்கள் உறுப்பினர்களில் மறுபாதி கேட்கும் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதில் ஒரு சின்ன திருத்தம் வேண்டும். பணம் இல்லாமல் எந்த ஆய்வும் நடக்காது. கிராமம் கிராமமாகப் போய் வீட்டு வாசலில் உட்கார்ந்து கணக்குக் கேட்கும் பிள்ளைகளுக்குச் சம்பளமும் பஸ் கட்டணமும் யாராவது கொடுத்தாக வேண்டும். டெல்லியில் இருக்கும் பொருளாதார ஆய்வு நிறுவனமான என்.சி.ஏ.இ.ஆர் 1956-லிருந்து இயங்குகிறது. பிறர் கேட்டுக்கொள்ளும் ஆய்வுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்வது அதன் வழக்கமான வேலை. அடையாற்றில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை 1971-ல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கினார். பிறகு அது மத்திய, மாநில அரசுகளின் மானியத்தில் நடக்கும் நிறுவனமானது. மும்பையின் தனியார் ஆய்வு நிறுவனமான சி.எம்.ஐ.இ, தான் திரட்டும் புள்ளிவிவரங்களைச் சந்தாவுக்கு விற்று நடக்கிறது. வருமானம் வரும் வழி மூன்றுக்கும் வேறு வேறு. ஆக, பணம் யாருடையது என்பதோடு கேள்வியை நிறுத்தக் கூடாது. பணம் கொடுத்தவருக்குப் பிடிக்காத முடிவு வந்திருந்தால், அது வெளியே வந்திருக்குமா? உங்களிடம் வந்தவர் இதற்கான பதிலை முதல் நாளே சொல்லிவிட்டார். பொருத்தம் வரும்படி தரகரே எழுதிக்கொண்டு வந்த ஜாதகத்தைத்தான் அவர் உங்களிடம் விற்கப் பார்க்கிறார். தலைமைச் செயலகத்தில் கோப்பு பார்ப்பவர்களுக்கு அந்த மாதிரி அறிக்கையை அடையாளம் காண நேரமே பிடிக்காது. சுருக்கத்தைப் படித்துவிட்டுப் பின்னிணைப்பைப் புரட்டுவார்கள், அங்கே கேள்வித்தாளும் மாதிரி எடுத்த விதமும் இல்லையென்றால் மூடி வைத்துவிடுவார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்று பக்கத்திலேயே, புதுச்சேரியில் நடந்திருக்கிறது. 2015 செப்டம்பரில் புதுச்சேரியிலும் சண்டிகரிலும் ரேஷன் அரிசி, கோதுமைக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அடுத்த மார்ச்சில் தாத்ரா நகர் ஹவேலியும் சேர்ந்தது. திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி ஜே-பால் தெற்காசியா என்ற ஆய்வு அமைப்பிடம், மத்திய அரசின் திட்ட அமைப்பான நிதி ஆயோக் கேட்டது. அவர்கள் மூன்று சுற்று வீடு வீடாகப் போனார்கள். அரசுப் பதிவேட்டின்படி பணம் போய்ச் சேராமல் திரும்பியது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. வீட்டில் கேட்டால், கடைசிச் சுற்றில்கூட ஐந்தில் ஒருவர் பணம் வரவில்லை என்றார். இத்தனைக்கும் யாரும் பொய் சொல்லவில்லை. சிலருக்கு வேறொரு கணக்கில் போய் விழுந்திருந்தது. சிலருக்கு விழுந்ததே தெரியாது. கம்ப்யூட்டர் திரையில் 'செலுத்தப்பட்டது' என்று வந்துவிட்டால் அதிகாரிக்கு வேலை முடிந்தது, அந்தம்மாவுக்கு அப்போதுதான் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு அலையும் வேலை ஆரம்பிக்கிறது.

அதே ஆய்வில் எதிர்ப்பக்கமாகவும் ஒரு முடிவு வந்தது. முதல் சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் பழைய ரேஷன் கடைதான் வேண்டும் என்றார்கள். கடைசிச் சுற்றில் அதே அளவு மக்கள் பணமே தேவலை என்றார்கள். திட்டத்தை ஆதரித்தவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் அதில் ஆளுக்கொரு பக்கம் கிடைத்தது; இருவருக்கும் பிடிக்காத பக்கமும் கிடைத்தது. ஆய்வைக் கேட்டு வாங்கியது அரசின் உச்ச திட்ட அமைப்பு. அரசின் கணக்கே சரியில்லை என்று சொன்னதும் அதே ஆய்வு. அது அச்சாகி வெளியிலும் வந்தது. ஒருவர் கேட்டு வாங்கும் ஆய்வும் சுயேச்சையாக இருக்க முடியும் என்று உங்கள் மறுபாதி உறுப்பினர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று என்பதையும் மறைக்கக் கூடாது. பணமா அரிசியா என்பதில் புதுச்சேரி முதல்வருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் தகராறு வந்து, சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பல வருடம் மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024 தீபாவளியை ஒட்டி மறுபடி திறந்தன. இதில் எதையும் ஓர் ஆய்வறிக்கை முடிவு செய்யவில்லை; அரசியல்தான் முடிவு செய்தது, ஜனநாயகத்தில் அது அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த அறிக்கைக்குப் பிறகு 'பணம் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது' என்று மட்டும் யாராலும் சுலபமாகச் சொல்ல முடியாமல் போனது. அரசு கேட்கிறதா என்ற உங்கள் கேள்விக்கு என் பதிலும் ஏறக்குறைய இதுதான். சொன்னதை அப்படியே செய்வது அபூர்வம். விவாதத்தில் சில வாதங்களை எடுக்க முடியாதபடி செய்வதுதான் அடிக்கடி நடக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். வரியை நீக்க வேண்டும் என்கிறீர்கள். ஐவரி கோஸ்டிலிருந்து வரும் கொட்டைக்கு வரி குறைந்தால் உங்களுக்கு நல்லது. விருத்தாசலம், குறிஞ்சிப்பாடிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவருக்கு? தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று ஒரே ராத்திரியில் சாய்த்துப்போட்ட மரங்களுக்குப் பதில் கன்று வைத்து, வருடக்கணக்கில் காத்திருந்து காய்ப்புக்குக் கொண்டுவந்தவர் அவர். வெளிநாட்டுக் கொட்டை மலிவாக வந்தால் தன் கொட்டையின் விலை விழும் என்று பயப்படுவார், அது நியாயமும்கூட. உங்கள் அறிக்கையில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லையென்றால், நிதி அமைச்சகத்தில் இருக்கும் இளம் அதிகாரி முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார். இரண்டாவது கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். 2018-19 பட்ஜெட்டில் 5 சதவீதமாக இருந்த வரியை 2.5 சதவீதமாகக் குறைத்தோமே, அதனால் பண்ருட்டியில் எத்தனை ஆலை கூடுதலாக ஓடியது?

இந்த இரண்டாவது கேள்விக்கு மனு எழுதிப் பதில் சொல்ல முடியாது. ஆய்வுதான் வேண்டும். அதிலும் 2018-க்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று எண்ணிக் கழித்துப் பார்த்தால் போதாது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி வந்தது. 2018-ல் உலகச் சந்தையில் கொட்டை விலை உச்சத்திலிருந்து இறங்கியது. 2020-ல் கொரோனா. வரிக்குறைப்பின் பலனை இவற்றிலிருந்து எப்படிப் பிரிப்பது? உங்கள் ஊரிலேயே அதற்கு வழி இருக்கிறது. சில ஆலைகள் பெரும்பாலும் தூத்துக்குடி வழியாக வரும் இறக்குமதிக் கொட்டையில் ஓடுகின்றன. சில ஆலைகள் உள்ளூர்க் கொட்டையை நம்பியே ஓடுகின்றன. ஜி.எஸ்.டியும் கொரோனாவும் இரு வகைக்கும் பொதுவானவை, வரிக்குறைப்பு முதல் வகைக்கு மட்டும் நேரடியாக உதவுவது. ஆகவே 2018-க்குப் பிறகு இந்த இரு வகை ஆலைகளுக்கும் இடையே வருடத்தில் ஓடிய நாட்களில் வித்தியாசம் கூடியதா என்று பார்த்தால், வரியின் பங்கு ஓரளவு பிடிபடும். விலை இறக்கம் இரு வகையையும் ஒரே மாதிரி தொட்டதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். நல்ல நிறுவனம் என்றால் முதல் சந்திப்பிலேயே இது போன்ற ஒரு வழியைச் சொல்வார்கள், அதன் ஓட்டைகளையும் சேர்த்துச் சொல்வார்கள். 'எங்களிடம் மாடல் இருக்கிறது' என்று மட்டும் சொல்பவர்களை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இதில் சங்கடம் உங்கள் பக்கம்தான். 80 கிலோ மூட்டைக்கு எவ்வளவு பருப்பு தேறியது, மூட்டைக்கு மின்செலவு எவ்வளவு, கொள்முதல் கடனுக்கு வட்டி எவ்வளவு, தோல் உரிக்கும் பெண்களுக்குக் கிலோவுக்கு என்ன கூலி என்பதெல்லாம் கேட்பார்கள். உறுப்பினர்களில் எத்தனை பேர் உண்மையான நோட்டை எடுத்துக் காட்டுவார்கள்? வருமான வரிக்கு ஒரு கணக்கு, வங்கிக்கு ஒரு கணக்கு என்று வைத்திருப்பவர் ஆய்வாளருக்கு மூன்றாவதாக ஒன்றைத்தான் சொல்வார். தனி ஆலையின் விவரம் சங்க நிர்வாகிகள் உட்பட யாருக்கும் போகாது என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி எல்லாருக்கும் நகல் கொடுங்கள். அதற்கும் ஆள் சேரவில்லை என்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

எந்த ஆலைகளுக்குப் போவது என்பதை நிறுவனமே தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் முழுப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், மூடிப்போனவற்றையும் நன்றாக ஓடுபவற்றையும் சேர்த்து; அவர்கள் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். ரொம்பக் கஷ்டத்தில் இருப்பவர்களின் வீட்டுக்கு மட்டும் வண்டி வைத்துக் கூட்டிப் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள்.

ஒப்பந்தத்தில் நான் பார்க்க விரும்பும் முக்கியமான வரி, முடிவு எப்படி வந்தாலும் நிறுவனம் அதை வெளியிடலாம் என்பது. வரைவை நீங்கள் பார்க்கலாம், ஆனால் பெயர், அளவு, தேதி போன்ற தகவல் பிழைகளை மட்டும் சுட்டிக்காட்ட. பணத்தைத் தவணையாகக் கொடுங்கள், களவேலை முடிந்ததும் இவ்வளவு, வரைவு வந்ததும் இவ்வளவு என்று. முடிவு எப்படி வருகிறது என்பதோடு எந்தத் தவணையும் கட்டிப்போடப்படக் கூடாது. முதல் பக்கத்திலேயே 'இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது இந்தச் சங்கம்' என்று போடச் சொல்லுங்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. மறைத்து, பிறகு யாராவது கண்டுபிடித்தால்தான் அறிக்கை செத்தது.

இன்னொன்று உங்களுக்குக் கசக்கும். ஆய்வின் ஆலோசனைக் குழுவில் முந்திரி விவசாயிகள் தரப்பிலிருந்து ஒருவரையும், உடைப்புத் தொழிலாளர் தரப்பிலிருந்து ஒருவரையும் உட்கார வையுங்கள். அமெரிக்காவில் 1920-ல் தொடங்கிய தேசியப் பொருளாதார ஆய்வுக் கழகம் இப்படித்தான் பிறந்தது. மால்கம் ரோர்ட்டி பெரிய தொலைபேசிக் கம்பெனியின் அதிகாரி. நாகும் ஸ்டோன் சோஷலிசப் பொருளாதாரக்காரர். நாட்டின் வருமானம் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகாது. சண்டை போடுவதற்காவது நம்பகமான எண் வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். அந்தக் கழகம் இன்றுவரை இந்தக் கொள்கையைச் செய், அதைச் செய்யாதே என்று தன் பெயரில் பரிந்துரைப்பதில்லை. பொருளாதாரச் சரிவு எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிந்தது என்று அது சொன்னால் இரு கட்சிக்காரர்களும் ஏற்கிறார்கள். உங்களுக்கும் அதே பிரிவினை நல்லது. வரி குறைந்தால் என்ன ஆகும் என்பதை நிறுவனம் சொல்லட்டும். குறைக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் வேலை. அதை உங்கள் பெயரில் தனியாக, இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன், இலவசமாக என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். மத்திய அரசின் தொழிற்சாலைகள் ஆண்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. ஆனால் மின்சாரம் வைத்து 10 பேர், இல்லாமல் 20 பேர் என்பது அதன் அடிப்படை அளவு. வீட்டுத் திண்ணையில் கைக்குச் சாம்பல் தடவிக்கொண்டு கொட்டை உடைக்கும் பெண்கள் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. அவர்களைப் பற்றி ஓரளவு தெரிய வேண்டுமென்றால் பதிவு பெறாத சிறுதொழில்களுக்கான கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டும். மாவட்ட அளவில் முந்திரி என்று பிரித்தால் மாதிரி மிகச் சிறியதாகிவிடும். உங்கள் தொழில் அரசின் கண்ணில் படாமல் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். ஆய்வு தேவை என்று நான் சொல்வதும் இதனால்தான்.

உங்களுக்குத் தெரிந்திருக்காது, உங்கள் ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களை ஆய்வாளர்கள் ஏற்கெனவே வருடக்கணக்கில் பின்தொடர்ந்து வருகிறார்கள். 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்த குழு, பண்ருட்டியைச் சுற்றிய 10 கிராமங்களில் 2010-ல் 405 குடும்பங்களின் வேலை, கடன், வருமானம் பற்றிக் கேட்டது. 2016-17லும் 2020-21லும் மறுபடி போனது. இரண்டாவது சுற்று நடந்துகொண்டிருந்தபோதுதான் 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. ஆட்கள் களத்தில் இருந்தார்கள்; கேள்விகளைச் சேர்த்துக்கொண்டார்கள். கூலி வேலை குறைந்ததும், மக்கள் ரொக்கத்துக்குப் பதில் சொந்தபந்தத்தையும் தெரிந்தவர்களையும் நம்பிக் காலம் தள்ளியதும், அப்படி ஆள் பலம் இல்லாதவர்கள் கூடுதலாக அடிபட்டதும் அதில் பதிவானது. உடனே பணமாகும் பயன் எதுவும் இல்லாமல் பொறுமையாகச் செய்த வேலை, நாடே தடுமாறிய ஒரு மாதத்தில் சாட்சியாக நின்றது. நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் இருவேல்பட்டு இன்னும் பழைய கதை: சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் காலத்தில், 1916-ல், முதல் கணக்கெடுப்பு, அதே ஊரில் கடைசியாக 2008 வரை மறு ஆய்வுகள் நடந்திருக்கின்றன. உங்கள் ஆய்வைச் செய்யப்போகிறவர்கள் இவற்றைப் படித்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். படிக்காதவர்கள் கூலிக் குடும்பங்களைப் பற்றி முதலிலிருந்து கேட்டு உங்கள் காசைக் கரைப்பார்கள்.

அரசு தன் எண்ணையே வெளியிடத் தயங்கும் நேரங்களும் உண்டு. 2017-18க்கான வேலைவாய்ப்பு ஆய்வு முடிந்தும் வெளிவராத நிலையில், தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் இரு உறுப்பினர்கள் 2019 ஜனவரியில் பதவி விலகினார்கள். வேலையின்மை 6.1 சதவீதம் என்ற அந்த எண் தேர்தல் முடிந்து மே கடைசியில்தான் அதிகாரபூர்வமாக வந்தது. அந்த இடைவெளியில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது சி.எம்.ஐ.இயின் தனியார் கணக்கை. அந்தக் கணக்கும் விமர்சனத்துக்குத் தப்பவில்லை. அது பரம ஏழைகளைச் சரியாக எட்டவில்லை என்று 2021-ல் பொருளாதார அறிஞர் ஜான் திரேஸ் முதலானோர் எழுதினார்கள், நிறுவனத்தின் தலைவர் மகேஷ் வியாஸ் பகிரங்கமாகப் பதில் எழுதினார். இப்படிச் சண்டை போட இடம் கொடுக்கும் நிறுவனத்தைத்தான் நான் நம்புவேன். முறையையும் தரவையும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவரோடு சண்டை போட என்ன இருக்கிறது?

சில லட்சம் அதிகம் என்று தோன்றினால் சின்னதாகத் தொடங்கலாம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பொருளாதாரத் துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதி, முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டுக்கு ஆலைப் பட்டியலும் அறிமுகமும் தருகிறோம் என்று சொல்லுங்கள். ஒரு பருவத்தில் 40, 50 ஆலைகளின் அடிப்படை விவரம் கிடைத்தால், பெரிய ஆய்வு தேவையா, எதைக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெளிவாகும். மேற்பார்வை செய்யும் பேராசிரியர் யார் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள், மாணவர் வருவார், போவார்.

கடைசிக் கேள்வி. மனுக்களை நிறுத்த வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். சுங்க வரி மத்திய அரசின் கையில் இருப்பது. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை கொடுத்தால் அது போகும் தூரம் கொஞ்சம்தான். பட்ஜெட்டுக்கு முந்தைய மாதங்களில் நிதி அமைச்சகம் தொழில் அமைப்புகளிடம் யோசனை கேட்கும். முந்திரித் தொழில் அமைப்புகள் வழியாகப் போங்கள். அங்கே பெரிய ஏற்றுமதியாளர்களின் குரல்தான் ஓங்கி இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கணக்கைத் தனியாகவும் அனுப்புங்கள். மின்கட்டணம் மாநில விஷயம். கட்டண உயர்வு மனு வரும்போது மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும், 2003 சட்டம் அப்படி. அங்கே 'சிறுதொழில் நசிகிறது' என்று எழுதுவதைவிட, 12 மாத மின் ரசீதையும் உடைத்த மூட்டைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூட்டைக்கு எவ்வளவு கூடியது என்று காட்டுங்கள். இதற்கு ஆய்வு நிறுவனம் தேவையில்லை, உறுப்பினர்களில் ஒரு பத்துப் பேர் ரசீதைத் தேடி எடுத்தால் போதும்.

ஒப்பந்த வரைவு எதுவும் கைக்கு வந்தால் கையெழுத்துக்கு முன் அனுப்பி வையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.